கோல் விழுந்தபோது பயிற்சியாளர் சூயிங்கம் மென்றுகொண்டிருந்தார்

2009-லிருந்து இங்கிலாந்தின் பிரீமியர் லீக் கால்பந்தை டிவியில் பார்த்து வருகிறேன். முதலில் 21 அங்குல டப்பா டிவி, இப்போது 43 அங்குலம். படத்தின் தெளிவில் குறை சொல்ல ஒன்றுமில்லை. புல்லில் தெறிக்கும் தண்ணீர்கூடத் தெரிகிறது. காட்ட வேண்டியதை விட்டுவிட்டு வேறெதையோ இவ்வளவு தெளிவாகக் காட்டுகிறார்களே என்பதுதான் என் வயிற்றெரிச்சல்.

போன சீசனில் ஒரு ஆட்டம். மைதானத்தின் நடுவில் சின்ன ஃபவுல், ஃப்ரீ கிக். உடனே ரீப்ளே. காலில் கால் பட்டதை ஒரு தடவை வேகமாக, இன்னொரு தடவை ஸ்லோ மோஷனில் காட்டினார்கள். அப்புறம் பயிற்சியாளரின் முகம். சூயிங்கம் மெல்கிறார். வர்ணனையாளரின் குரல் ஏறுகிறது, கூட்டம் எழுந்து கத்துகிறது, என் திரையில் ஒரு தாடை மட்டும் மேலும் கீழும் போய் வருகிறது. நேரலைக்குத் திரும்பினால் பந்து வலைக்குள் கிடக்கிறது. ஃப்ரீ கிக்கைச் சட்டென்று எடுத்துவிட்டார்கள். நேரலைக்காகக் காசு கட்டிவிட்டு அந்தக் கோலை ரீப்ளேயில் பார்த்தேன்.

எப்போதாவது நடப்பதுதானே என்று விட முடியவில்லை. ஒருநாள் எண்ணியே பார்த்தேன். ரீப்ளேயோ குளோசப்போ ஓடும்போதே பந்து ஆட்டத்துக்குள் வந்துவிட்ட தடவைகள் முதல் பாதியிலேயே பத்து விரலைத் தாண்டிவிட்டன. பெரும்பாலும் பக்கவாட்டில் வெளியே போன பந்தைக் கையால் எறியும் த்ரோ-இன், கோலுக்கு முன்னாலிருந்து உதைத்துத் தொடங்கும் கோல் கிக்தான்; அதில் என்ன போய்விட்டது என்று கேட்கலாம். 2019-ல் விதி மாறியதிலிருந்து கோல் கிக்கைக் கோலுக்கு முன்னால் கட்டம் போட்டிருக்கும் பெனால்டி பகுதிக்குள்ளேயே சக வீரர் வாங்கிக்கொள்ளலாம். அதனால் எதிரணி எத்தனை பேரை முன்னால் அனுப்பி நெருக்குகிறது, கீப்பர் யாருக்குத் தட்டிவிடுகிறார் என்பதில் பாதி ஆட்டம் இருக்கிறது. அந்த நேரம் பார்த்துத்தான் நமக்குக் கேலரியில் கொட்டாவி விடும் குழந்தையைக் காட்டுகிறார்கள்.

இந்த எரிச்சல் எனக்கு முன்பு இருந்ததில்லை. சென்னை ஜவஹர்லால் நேரு ஸ்டேடியத்தில் இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) ஆட்டம் ஒன்றைப் பார்த்த பிறகுதான் தொடங்கியது. சுற்றிலும் ஓட்டப்பந்தயத் தடம் இருப்பதால் வீரர்கள் தூரத்தில் சின்னதாகத்தான் தெரிந்தார்கள். ஆனால் பின்வரிசைத் தடுப்பாட்டக்காரர்கள் நால்வரும் ஒரே கயிற்றில் கட்டியதுபோல முன்னும் பின்னும் நகர்ந்ததை அன்றுதான் கண்ணால் பார்த்தேன். பந்து இடப்பக்கம் இருக்கும்போது வலப்பக்க வீரர் கையைத் தூக்கிக்கொண்டு ஓடியதையும் பார்த்தேன். அவருக்குப் பந்து வரவேயில்லை. டிவியாக இருந்தால் அந்த ஓட்டம் நடந்ததே எனக்குத் தெரிந்திருக்காது.

மைதானம் 105 மீட்டர் நீளம், 68 மீட்டர் அகலம். நடுக்கோட்டுக்கு நேரே உயரத்தில் நிற்கும் பிரதான கேமராதான் இத்தனை பரப்பையும் கட்டி மேய்க்க வேண்டும். அது கொஞ்சம் விலகி நின்று காட்டினால் போதும், ஆட்டத்தின் உருவம் கிடைத்துவிடும். ஆனால் பலர் மொபைலில் பார்க்கிறார்கள். விலகினால் ஆட்கள் எறும்பாகிவிடுவார்கள். அக்கா மகனிடம் ஒருநாள் இதைப் புலம்பியபோது, “மாமா, அவன் மூஞ்சி தெரியலைன்னா யார் அடிச்சான்னு எனக்கு எப்படித் தெரியும்?” என்றான். அவன் கையில் ஆறு அங்குலத் திரை. அவன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, சரி. அதற்காக 43 அங்குலக்காரன் என்ன பாவம் செய்தேன்?

நான்கு கம்பிகளில் தொங்கும் ஸ்பைடர் கேமராவைப் பற்றியும் சொல்ல வேண்டும். ரீப்ளேயில் அற்புதம். ஆட்டம் ஓடும்போது அதற்கு மாற்றினால் பந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, எவ்வளவு உயரத்தில் வருகிறது என்று எனக்குப் பிடிபடுவதேயில்லை. பின்புலம் மங்கலாகத் தெரியும் சினிமா பாணிக் கேமராவும் கோல் கொண்டாட்டத்துக்கு நன்றாக இருக்கிறது. அதோடு நிறுத்திக்கொள்ளட்டும்.

கேமராவுக்குச் சரியான இடம் அமைவதும் சாமான்யமில்லை. 2023-ல் லூட்டன் டவுன் பிரீமியர் லீக்குக்கு வந்தபோது, ஒளிபரப்புத் தேவைகளுக்காக அவர்களுடைய பழைய மைதானத்தின் ஒரு பக்கத்தையே மாற்றிக் கட்ட வேண்டியிருந்தது. அதில் முதல் உள்ளூர் ஆட்டமே தள்ளிப்போனது.

ஆள் சரியில்லை என்றால் இயந்திரத்திடம் விடலாமே என்பவர்களுக்கு 2020 அக்டோபரில் ஸ்காட்லாந்தில் நடந்ததை நினைவுபடுத்துவேன். இன்வர்னஸ் அணியின் ஆட்டம். கொரோனாவால் ரசிகர்கள் வீட்டிலிருந்து பார்க்கிறார்கள். பந்தைத் தானாகப் பின்தொடரும் செயற்கை நுண்ணறிவுக் கேமரா, கோட்டோரம் ஓடும் துணை நடுவரான லைன்ஸ்மேனின் வழுக்கைத் தலையைப் பந்தென்று நினைத்துத் திரும்பத் திரும்ப அவர் பின்னாலேயே போனது. வர்ணனையாளர் மன்னிப்புக் கேட்டார். நானும் முன்மண்டை காலியானவன் என்பதால் ரொம்ப நேரம் சிரிக்கவில்லை.

சூயிங்கம் கோலுக்குப் பிறகு ஆத்திரத்தில் வாடிக்கையாளர் சேவைக்குப் போன் செய்தேன். கோலைக் காட்டவில்லை என்றேன். “பாக்ஸை ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார்” என்றார் அந்தப் பையன். படம் தயாராவது இங்கிலாந்தில், இங்கே அதை வாங்கிக் கடத்துகிறார்கள். அவனிடம் கத்தி என்ன பயன்? பந்து ஓடும்போது பின்னால் வால் மாதிரி நிழல் வருகிறது என்று இன்னொரு புகாரையும் சேர்த்துச் சொன்னேன். “டிவி செட்டிங்ஸ்ல மோஷன்னு ஒண்ணு இருக்கும் பாருங்க, அதை ஆஃப் பண்ணுங்க” என்றான்.

செய்தேன். வால் போய்விட்டது. மூன்று வருடமாக அதற்கும் சேர்த்து இங்கிலாந்துக்காரர்களைத்தான் திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.