லோரோங் கூலிட் ரெக்கார்ட் கடை: முழுப் பக்கத்தையும் கேட்டுவிட்டு வாங்கலாம்

மலேசியாவின் பினாங்கில் பழைய ஆங்கிலப் பாட்டு ரெக்கார்ட் (இசைத்தட்டு) எங்கே வாங்கலாம் என்று யார் கேட்டாலும் இப்போதெல்லாம் ஒரே இடத்தைத்தான் சொல்கிறேன். சிட்டி ஸ்டேடியத்துக்குப் பக்கத்தில் இருக்கும் லோரோங் கூலிட் பழைய சாமான் சந்தை. அங்கே ஞாயிறு காலையில் நம்மவர் ஒருவர் கடை போடுகிறார். கடை என்றால் மேலே ஒரு கித்தான், இரண்டு மடக்கு மேசை, கீழே பிளாஸ்டிக் கூடைகளில் நிறுத்தி வைத்த தட்டுகள், அவ்வளவுதான். பெயர்ப்பலகை கிடையாது. மேசை ஓரத்தில் பேட்டரியில் ஓடும் சின்ன பிளேயரும், அதோடு சேர்ந்த பெரிய ஹெட்போனும் இருக்கும், அதுதான் அடையாளம்.

அந்த ஹெட்போனுக்காகத்தான் இதை எழுதுகிறேன். கூடையிலிருந்து எதை எடுத்தாலும் போட்டுக் கேட்கலாம், அதுவும் ஒரு பாட்டை மட்டுமில்லை, தட்டின் ஒரு பக்கத்தை முழுதாக. பாதியில் ஊசியைத் தூக்கினால் கடைக்கார அங்கிளுக்குப் பிடிக்காது. "முழுசா கேளு தம்பி, பாடினவன் அவ்வளவு கஷ்டப்பட்டு பாட்டை வரிசை போட்டு வெச்சிருக்கான்" என்பார். வாங்காமல் போனாலும் முகம் சுளிக்க மாட்டார். இதற்கு முன்னால் இணையத்தில் ஒருவரிடம் 60 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்து ஒரு தட்டு வாங்கியிருந்தேன், வந்து சேர்ந்தபோது வெயிலில் வைத்த அப்பளம் மாதிரி ஓரம் வளைந்திருந்தது, ஊசி ஒவ்வொரு சுற்றுக்கும் ஏறி இறங்கியது. பணமும் திரும்பி வரவில்லை. அதனால் காதால் கேட்டு வாங்குவது எவ்வளவு பெரிய விஷயம் என்பது எனக்குத் தெரியும்.

எங்கள் வீட்டில் எப்போதும் தமிழ் வானொலி மின்னல் எஃப்எம்தான் ஓடும். ஆங்கிலப் பாட்டு என்பது கல்யாண மண்டபத்திலும் பஸ்ஸிலும் காதில் விழுந்தது மட்டும்தான், பல்லவி தெரியும், மீதி தெரியாது. என்னைப் போன்றவர்கள் ஒரு குழுவின் ஹிட் தொகுப்பிலிருந்து தொடங்குவது நல்லது. தெரிந்த பல்லவியைப் பிடித்துக்கொண்டு உள்ளே போகலாம்.

முதலில் வாங்க வேண்டியது கார்ப்பெண்டர்ஸ், ரிச்சர்ட், கேரன் என்ற அமெரிக்க அண்ணன் தங்கை குழு. 1973-இல் வந்த 'தி சிங்கிள்ஸ் 1969–1973' தொகுப்பு, 12 பாட்டு. எனக்கு 25 வெள்ளிக்குக் கிடைத்தது. 'யெஸ்டர்டே ஒன்ஸ் மோர்' எல்லோருக்கும் தெரியும், அதையே தேடித்தான் நானும் எடுத்தேன். ஆனால் ஹெட்போனில் என்னை நிறுத்தியது 'ரெய்னி டேஸ் அண்ட் மண்டேஸ்'. மௌத் ஆர்கன் முதலில் வருகிறது, அப்புறம் கேரன் கார்ப்பெண்டர் தன் குரலின் அடித்தட்டிலிருந்து தொடங்குகிறார். பெரும்பாலான பாடகிகள் மேலே போகும்போதுதான் கைத்தட்டல் வாங்குவார்கள், இவருக்குக் கீழே இறங்க இறங்கத்தான் அழகு, பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து நம்மிடம் மட்டும் பேசுவது போல் இருக்கும். போனில் கேட்டால் இந்த நெருக்கம் வருவதே இல்லை. அவர் நல்ல டிரம்மர் என்பதும் எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். 1983-இல் 32 வயதில் இறந்துவிட்டார். அதைத் தெரிந்துகொண்டு இந்தத் தட்டைக் கேட்கும்போது மனம் கனக்கிறது.

அதே தட்டில் 'குட்பை டு லவ்' இருக்கிறது. மெல்லிய காதல் சோகப் பாட்டு, அதன் நடுவிலும் முடிவிலும் டோனி பெலூசோவின் கிட்டார் கரகரவென்று உறுமிக்கொண்டு வருகிறது. 1972-இல் இந்தச் சத்தம் மென்பாட்டு ரசிகர்கள் சிலருக்குப் பிடிக்காமல் போனது. எனக்கு அது அழுகையை அடக்கிக்கொண்டிருந்த ஒருவர் கடைசியில் உடைவது போல் கேட்கிறது. இன்னொன்று, 'வீவ் ஒன்லி ஜஸ்ட் பிகன்' ஒரு வங்கியின் டிவி விளம்பரத்துக்காக எழுதிய மெட்டு. ரிச்சர்ட் கார்ப்பெண்டர் அதை டிவியில் பார்த்துவிட்டுத்தான் முழுப் பாட்டாகப் பதிவு செய்தார். இன்றைக்கு உலகம் முழுக்கக் கல்யாணங்களில் பாடுகிறார்கள்.

அமெரிக்க ராக் குழுவான ஈகிள்ஸ் வாங்குகிறவர்கள் கவனம். வெளிர் நீல அட்டையில் பறவையின் மண்டையோடு இருக்கிறதே, 'தெயர் கிரேட்டஸ்ட் ஹிட்ஸ் 1971–1975', அதில் அவர்களின் புகழ்பெற்ற 'ஹோட்டல் கலிபோர்னியா' பாட்டு கிடையாது. தொகுப்பு 1976 பிப்ரவரியில் வந்தது, அந்தப் பாட்டு இருக்கும் ஆல்பம் அதே ஆண்டு டிசம்பரில்தான் வந்தது. நான் கையில் எடுத்ததுமே அங்கிள் அதைச் சொல்லிவிட்டார், தனக்கு வியாபாரம் போனாலும் பரவாயில்லை என்று. சரி, இருந்தாலும் கேட்போம் என்று போட்டேன், 'டெஸ்பராடோ'வுக்காகவே வாங்கிவிட்டேன். பியானோவும் ஒரு குரலுமாகத் தொடங்கி மெதுவாக விரியும் பாட்டு. ஈகிள்ஸ் அதைச் சிங்கிளாக, அதாவது தனிப்பாட்டுத் தட்டாக, வெளியிட்டதே இல்லை, இருந்தும் இவ்வளவு பெரிய பாட்டானது.

டிஸ்கோ குழுவான போனி எம்முக்கு நம் ஆட்களிடம் அறிமுகமே தேவையில்லை. அப்பா காலத்து விருந்துகளில் 'டாடி கூல்' ஓடாத வீடு குறைவு. 1978-இல் வந்த 'நைட்ஃப்ளைட் டு வீனஸ்' ஆல்பம் இங்கே அடிக்கடி வருகிறது, 15 வெள்ளிதான். மேடையில் ஆடிக்கொண்டே வாயசைத்த பாபி ஃபாரலின் குரல் என்று நாம் நினைக்கும் அந்த ஆழ்ந்த ஆண்குரல் உண்மையில் தயாரிப்பாளர் ஃபிராங்க் ஃபாரியனுடையது. 'ரிவர்ஸ் ஆஃப் பாபிலோன்' பைபிளில் 137-ஆம் சங்கீதம், நாடு கடத்தப்பட்டவர்கள் ஆற்றங்கரையில் உட்கார்ந்து அழும் வரிகள். ஜமைக்காவின் மெலோடியன்ஸ் குழு 1970-இல் பாடியது, போனி எம் அதை உலகத்துக்கே ஆடவைத்தது. வேறு மண்ணுக்குக் கொண்டுவரப்பட்ட தோட்டத் தொழிலாளிகளின் பேரப்பிள்ளைகள் நாம், அந்த வரிகளைத் தெரிந்து கேட்டால் ஆட்டத்துக்கு நடுவிலும் தொண்டை அடைக்கும்.

பிரிட்டிஷ் ராக் குழு குவீனின் 1981 ஹிட் தொகுப்பும் கிடைக்கிறது, அதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, 'பொஹீமியன் ராப்சடி'யை ஹெட்போனில் ஒருமுறை கேட்டால் போதும், திரும்ப வருகிற பல்லவியே இல்லாத ஏறக்குறைய ஆறு நிமிடப் பாட்டு 1975-இல் எப்படி ஹிட்டானது என்று புரிந்துவிடும். குரல்கள் இடக்காதுக்கும் வலக்காதுக்கும் ஓடிப்பிடித்து விளையாடும்.

மைக்கல் ஜாக்சனின் 'த்ரில்லர்' மட்டும் இங்கே வாங்காதீர்கள். 80 வெள்ளி சொல்கிறார், தட்டில் கீறல் நிறைய, 'பில்லி ஜீன்' தொடக்கத்தில் டிரம்மும் பேஸும் மட்டும் போகும் இடத்தில் டிக் டிக் என்று விழுகிறது. அந்தப் பாட்டுக்கு உயிரே அந்த இடம்தான். அதைக் கெடுத்துக் கேட்பதற்கு நல்ல சிடி வாங்கலாம். 'பீட் இட்'டில் எடி வான் ஹேலன் வாசிக்கும் கிட்டாரும் சுத்தமான ஒலியில் கேட்க வேண்டியது.

குறைகளையும் சொல்ல வேண்டும். கூடைகளில் எந்த வரிசையும் இல்லை, ஜிம் ரீவ்ஸுக்குப் பின்னால் மலாய்க் கச்சேரி, அதற்குப் பின்னால் சீனப் புத்தாண்டுப் பாட்டு, எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் தள்ளித்தான் தேட வேண்டும். நம்ம ஊர் ஈரத்துக்குப் பல தட்டுகளில் வெள்ளைப் பூஞ்சை பிடித்திருக்கிறது. அட்டை நன்றாக இருக்கிறதே என்று ஏமாறாதீர்கள், தட்டை வெளியே எடுத்து வெயிலில் சாய்த்துப் பாருங்கள், பிளேயரில் சுற்றும்போது பக்கவாட்டில் குனிந்து வளைவு இருக்கிறதா என்றும் பாருங்கள். பத்து மணிக்கு மேல் வெயில் மேசைக்கே வந்துவிடுகிறது, அந்த நேரத்தில் வாங்கினால் மோட்டோர் சைக்கிள் சீட்டுக்கு அடியில் போட்டுவிட்டு ஊர் சுற்றாதீர்கள், நேராக வீட்டுக்குப் போங்கள். கார்ட், இ-வாலட் எதுவும் எடுக்க மாட்டார், காசுதான்.

நான் எதிர்க்கரையில் இருக்கும் பட்டர்வொர்த்திலிருந்து முதல் ஃபெரிகளில் ஒன்றைப் பிடித்து, பசியாறிவிட்டு எட்டு மணிக்குள் போய்விடுவேன். அந்த நேரம் கூட்டம் குறைவு, இரண்டு பக்கமும் நிதானமாகக் கேட்கலாம். போன வாரம் சைமன் அண்ட் கார்ஃபங்கலின் 'பிரிட்ஜ் ஓவர் டிரபிள்ட் வாட்டர்' வந்திருந்தது, முதல் பக்கம் கேட்டு முடிப்பதற்குள் மழை பிடித்துக்கொண்டது, அங்கிள் அதைத் தனியாக எடுத்து மேசைக்குக் கீழே வைத்திருக்கிறார். இந்த ஞாயிறு இரண்டாவது பக்கம்.