மாமாவின் மாத்திரைதான் எனக்கும்: 75 மி.கி. ஆஸ்பிரின்

எங்கள் வீட்டுக்கு இந்த மாத்திரை புதிதில்லை. மாமாவுக்கு ஸ்டென்ட் வைத்த நாளிலிருந்து ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று போடுகிறார். அதே அட்டை என் கைப்பையில் இருந்ததைப் பார்த்து அத்தை பதறிப்போனார்கள். "ஹார்ட் மாத்திரைய நீ எதுக்கும்மா போடுத?"

அப்போது எனக்கும் பதில் தெரியாது. முதல் ஐ.வி.எஃப். அது, அதாவது சோதனைக்குழாய்க் குழந்தைச் சிகிச்சை. சீட்டில் இருந்த ஒன்பது மருந்தில் இது ஐந்தாவது. எதற்கு என்று கேட்டேன். "எல்லாருக்கும் குடுக்கிறதுதான், கர்ப்பப்பைக்கு ரத்தம் நல்லாப் போகும்" என்று மட்டும் சொன்னார்கள். ஒரு ஊசிக்கே ஆயிரக்கணக்கில் கொடுத்துக்கொண்டிருந்த நேரத்தில், பதினான்கு மாத்திரை பத்து ரூபாய்க்குள் கிடைத்ததால் நானும் மேற்கொண்டு கேட்கவில்லை. முட்டை எடுப்பதற்குச் சில நாள் முன்னால் நிறுத்தச் சொன்னார்கள், கரு வைத்ததும் மறுபடி ஆரம்பிக்கச் சொன்னார்கள். ரிசல்ட் நெகட்டிவ்.

நான் பள்ளியில் கணக்கு டீச்சர். எண் இல்லாமல் எனக்கு மனசு ஒப்பாது. அந்த விடுமுறையில் உட்கார்ந்து படித்தேன். 2016-ல் காக்ரேன் அமைப்பு, ஐ.வி.எஃப்.பில் ஆஸ்பிரின் கொடுத்துப் பார்த்த 13 ஆய்வுகளை, மொத்தம் 2,653 பேரை, சேர்த்துப் பார்த்திருக்கிறது. எல்லோருக்கும் வழக்கமாகக் கொடுப்பதால் குழந்தை பிறக்கும் வாய்ப்பு கூடுகிறது என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. அன்று இரவு அழுதேன். மருந்து பலிக்காததற்காக இல்லை. சரியான காரணம் தெரியாமலே நாற்பது நாள் விழுங்கியிருக்கிறேனே என்றுதான்.

அடுத்த முறை, உறையவைத்த கருவை வைத்தபோது, அந்த மாத்திரை சீட்டில் இல்லை. கரு தங்கியது. பதினோராவது வாரம் ஸ்கேனில் துடிப்பு இல்லை.

இதற்குப் பிறகு பார்த்த டாக்டரம்மாதான் ரத்தத்தில் ஆன்டிபாஸ்போலிப்பிட் ஆன்டிபாடி சோதனை எழுதினார். பாசிட்டிவ். ஒரு தடவை வந்தால் போதாது என்று பன்னிரண்டு வாரம் கழித்து மறுபடி எடுக்கச் சொன்னார். அந்தப் பன்னிரண்டு வாரம் போலக் கொடுமை வேறில்லை, ஆனால் காத்திருந்தது சரிதான். மறுபடியும் பாசிட்டிவ். ரத்தம் உறையும் தன்மை எனக்குக் கூடுதல், நஞ்சுக்கொடி அதனால் பாதிக்கப்படலாம் என்று படம் போட்டு விளக்கினார். ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டுவதைத்தான் ஆஸ்பிரின் குறைக்கிறது. ஒரு தட்டணு ஏழிலிருந்து பத்து நாள் வாழும், அதுவரை அதன்மேல் மருந்தின் வேலை நிற்கும். மாத்திரையை நிறுத்தினாலும் உடனே பழையபடி ஆகாதது அதனால்தான்.

என் மாதிரி ஆட்களுக்கு ஆஸ்பிரினோடு, ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரின் ஊசியும் வேண்டும். 1997-ல் லண்டனில் தொண்ணூறு பெண்களிடம் செய்த ஆய்வில், ஆஸ்பிரின் மட்டும் எடுத்தவர்களில் 42 சதவீதத்தினருக்குக் குழந்தை பிறந்தது, இரண்டும் எடுத்தவர்களில் 71. ஆகவே தினமும் தொப்புளைச் சுற்றி ஒரு ஊசி, ராத்திரி இந்த மாத்திரை.

இப்போது இருபத்து நான்காவது வாரம். பன்னிரண்டாவது வாரத்திலிருந்து இரண்டு மாத்திரை, அதாவது 150 மி.கி. இதற்குக் காரணம் வேறு: கர்ப்பகாலத்தில் ரத்தக் கொதிப்போடு வரும் ப்ரீஎக்ளாம்ப்சியா என்ற சிக்கல். 2017-ல் வந்த பெரிய ஆய்வில், ஆபத்து அதிகமுள்ள பெண்களுக்கு 150 மி.கி. கொடுத்தபோது, மாதம் நிறையும் முன்பே வரும் அந்தச் சிக்கல் 4.3 சதவீதத்திலிருந்து 1.6 ஆகக் குறைந்தது. ஒரே மாத்திரை, என் உடம்பில் இரண்டு வேலை பார்க்கிறது.

மார்க் கேட்டால், ஐ.வி.எஃப். செய்யும் எல்லோருக்கும் என்று கொடுப்பதற்கு ஐந்துக்கு இரண்டு. காரணம் தெரிந்து எழுதப்பட்ட எனக்கு ஐந்துக்கு ஐந்து.

தொந்தரவு உண்டு. பல் தேய்த்தால் ஈறில் ரத்தம் கசிகிறது. ஊசி போட்ட இடமெல்லாம் கத்தரிப்பூ நிறம். வெறும் வயிற்றில் ஒரு நாள் போட்டு நெஞ்செரிச்சலில் விடிய விடிய உட்கார்ந்திருந்தேன். மேலே இருக்கும் பூச்சு, மருந்து இரைப்பையில் கரையாமல் குடலுக்குப் போவதற்காக. அதனால் உடைக்கவோ மெல்லவோ கூடாது.

ஐப்பசி மழையில் எனக்குக் காய்ச்சல் கண்டது. பாராசிட்டமால் வாங்கப் போனேன். தெருமுனை மருந்துக்கடை அக்கா எடுத்துக் கொடுக்காமல், "நீ ஆஸ்பிரின் வாங்குற பிள்ளைல்லா? ஊரெல்லாம் டெங்குவா இருக்கு, மொதல்ல டாக்டருக்குப் போன் போடு" என்றார். டெங்குவில் தட்டணு குறையும். அதோடு ஆஸ்பிரினும் சேர்ந்தால் ரத்தக்கசிவு ஆபத்து. டாக்டரம்மா அன்றே நிறுத்தச் சொல்லி, சோதனையில் டெங்கு இல்லை என்று தெரிந்த பிறகுதான் திரும்பத் தொடங்கச் சொன்னார். அந்த அக்காவுக்கு நான் என்றைக்கும் கடமைப்பட்டவள்.

முப்பத்தாறாவது வாரம் நிறுத்தவேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். நாளைக்கு இரண்டு வீதம் இன்னும் பன்னிரண்டு அட்டை வேண்டும். மொத்தமாக வாங்கவில்லை. அட்டையிலிருந்து பிரித்து டப்பாவில் போட்டு வைப்பதும் இல்லை. ஈரம் பட்டால் இந்த மாத்திரை கெட்டு வினிகர் வாடை அடிக்கும். மாமாவின் டப்பாவில் அப்படி அடித்ததை நானே முகர்ந்திருக்கிறேன், அன்றே அத்தனையையும் குப்பையில் போட்டோம்.