வால்வு ரேடியோ: டிரான்ஸ்ஃபார்மர் செட்டா, ஏசி-டிசி செட்டா?

டிரான்சிஸ்டருக்குப் பதில் கண்ணாடிக் குழாய் வால்வுகளில் ஓடுகிற பழைய வால்வு ரேடியோ வாங்கலாம் என்று கிளம்புகிறவர்கள் முதலில் கேட்பது மர்ஃபியா, பிலிப்ஸா, புஷ்ஷா என்றுதான். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். இரண்டு செட்டைப் பழுது பார்த்து முடித்ததில் அந்தக் கேள்வியே மறந்துபோய்விட்டது. கம்பெனிப் பெயர் முன்பக்கம் எழுதியிருக்கும். பார்க்க வேண்டியது பின் அட்டையைக் கழற்றினால்தான் தெரியும்: உள்ளே பவர் டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறதா, இல்லையா?

என்னிடம் இரண்டும் உண்டு. ஒன்று, திருமங்கலத்தில் பெரியப்பா வீட்டுப் பரணிலிருந்து இறங்கிய மரப்பெட்டி செட். உள்ளே டிரான்ஸ்ஃபார்மர், முகப்பில் ஸ்டேஷன் சரியாகச் சிக்கியதைக் காட்டப் பச்சையாய் ஒளிரும் மேஜிக் ஐ. இன்னொன்று, காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பித்தளை அண்டாக்களுக்கும் எனாமல் தூக்குவாளிகளுக்கும் நடுவே கிடந்த பேக்லைட் (அந்தக் காலத்துக் கெட்டிப் பிளாஸ்டிக்) செட். 1,800 சொன்னார், 1,400க்குப் படிந்தது. கையில் எடுத்ததும் ‘அட, என்ன லேசு’ என்று சந்தோஷப்பட்டேன். ஏன் லேசு என்று யோசித்திருக்க வேண்டும்.

டிரான்ஸ்ஃபார்மர் செட்டில் வீட்டு 230 வோல்ட் நேராக உள்ளே நுழைவதில்லை. ஒரு சுருளில் ஏறி, இரும்பு வழியாக வேறு சுருள்களில் இறங்குகிறது. 6.3 வோல்ட் வால்வுகளின் சூட்டு இழைகளுக்குப் போகிறது. இருநூற்றைம்பது சொச்சம் வால்வுகளின் உயர் மின்னழுத்தத்துக்கு. ஏசி-டிசி செட்டில் இந்த இடைத்தரகரே கிடையாது. அந்தக் காலத்தில் கல்கத்தா மாதிரி ஊர்களில் சில பகுதிகளுக்கு டிசி மின்சாரம்தான் வந்தது. டிசியில் டிரான்ஸ்ஃபார்மர் வேலை செய்யாது. அதனால் எல்லா வால்வின் இழைகளையும் ஒரே சரமாகக் கோத்து, மிச்ச வோல்டை ஒரு ரெசிஸ்டன்ஸில் எரித்துவிட்டார்கள். சித்திரைத் திருவிழாவுக்குத் தெருவில் கட்டுகிற சீரியல் பல்பு கணக்குத்தான். செலவும் குறைந்தது, எடையும் குறைந்தது.

கடையில் நின்றபடியே அடையாளம் காண, வால்வின் மேல் அச்சடித்த முதல் ஆங்கில எழுத்தைப் பாருங்கள். ‘இ’ என்று தொடங்கினால் (இசிஎச் 81, இஎஃப் 89, இஎல் 84) 6.3 வோல்ட் வகை. பெரும்பாலும் டிரான்ஸ்ஃபார்மர் செட். ‘யு’ என்று தொடங்கினால் (யுசிஎச் 81, யுஎல் 84, யுஒய் 85) 100 மில்லியாம்பியர் சர வகை. என் பேக்லைட் செட்டின் ஐந்து வால்வுக்கும் சேர்த்து 128 வோல்ட் சொச்சம்; பாக்கி நூறு வோல்ட் ரெசிஸ்டன்ஸில் பத்து வாட் வெப்பமாகப் போகிறது. மதுரை மே மாதத்தில் அதன் பக்கத்தில் உட்கார்ந்து பாட்டுக் கேட்டுப் பாருங்கள்.

மற்ற ஒப்பீடுகளில் சொல்ல அதிகமில்லை. சத்தம்: பெரிய மரப்பெட்டிக்குப் பெரிய ஸ்பீக்கர், அவ்வளவுதான். அழகு: பேக்லைட் ஜெயிக்கும், அலமாரியிலும் அடங்கும். பழைய மெழுகுக் காகிதக் கண்டன்சர்கள் (மின்னேற்றத்தைத் தேக்கும் பாகங்கள்) இரண்டிலும் கரண்டை ஒழுகவிடும். குறிப்பாக, ஸ்பீக்கரை ஓட்டும் அவுட்புட் வால்வின் கிரிட்டுக்கு (சிக்னல் நுழையும் முனைக்கு) போகிற அந்த ஒரு கண்டன்சரை மாற்றாமல் எந்த செட்டையும் ஓடவிடாதீர்கள். அது ஒழுகினால் வால்வு சிவக்கும், அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரும் கூடப் போகும். முதல் தடவை கரண்ட் கொடுக்கும்போது 60 வாட் குண்டு பல்பை சீரிஸில் போட்டுக் கொடுங்கள். எலி கடித்த வயர், அறுந்த டயல் நூல், கரையான் எல்லாம் இரண்டுக்கும் பொது.

நான் டிரான்ஸ்ஃபார்மர் பக்கம் சாய்ந்தது சேஸ் விஷயத்தில். ஏசி-டிசி செட்டில் பாகங்களையெல்லாம் தாங்குகிற, அடியிலுள்ள தகரச் சேஸ், மெயின்ஸின் ஒரு வயரோடு நேராகச் சேர்ந்திருக்கும். இரண்டு பின் பிளக்கை ஒரு பக்கம் குத்தினால் சேஸ் நியூட்ரல். திருப்பிக் குத்தினால் பேஸ். கம்பெனிக்காரன் இதைத் தெரிந்துதான் பேக்லைட் கூட்டுக்குள் ஒளித்து, குமிழ்களின் திருகுகளை மெழுகால் அடைத்து, பின் அட்டையையும் மூடி அனுப்பினான். அறுபது வருஷம் கழித்து நம் கைக்கு வரும்போது மெழுகு இல்லை, அட்டை இல்லை, ஒரு குமிழும் இல்லை. மொட்டை இரும்புத் தண்டு நீட்டிக்கொண்டிருக்கிறது.

எனக்குக் கிடைத்த அடி அப்படி ஒரு தண்டில்தான், அதுவும் ரேடியோ அணைந்திருந்தபோது. எப்படி என்று இரண்டு நாள் மண்டையைக் குடைந்துகொண்டேன். செட்டின் சுவிட்ச் சேஸ் பக்க வயரில் இருந்திருக்கிறது. அணைத்ததும் நியூட்ரல் அறுந்து, பேஸ் சூட்டு இழைச் சரத்தின் வழியாகவே சேஸுக்கு வந்து காத்திருந்தது. சிம்மக்கல் பக்கம் பழைய மெக்கானிக் அண்ணன் ஒருவரிடம் போய்ச் சொன்னேன். சிரித்தார். “தம்பி, டெஸ்டர எடுத்து மொதல்ல சேஸத் தொட்டுப் பாரு. எரிஞ்சா பிளக்கத் திருப்பிக் குத்து. அப்பயும் எரிஞ்சா செட்ட மூடி வச்சுட்டுக் காப்பி குடிக்கப் போயிரு.”

மூன்று பின் பிளக் போட்டு, நியூட்ரலைச் சேஸுக்கும் சுவிட்சைப் பேஸுக்கும் மாற்றினால் தீராதா என்று கேட்பீர்கள். நானும் மாற்றினேன். ஆனால் எங்கள் வீட்டிலேயே ஒரு பிளக் பாயின்டில் பேஸும் நியூட்ரலும் இடம் மாறிக் கிடந்தன. பழைய வீடுகளில் இது சகஜம். செட்டைச் சரிசெய்துவிடலாம்; அது போய்ச் சேருகிற வீட்டுச் சுவருக்கு யார் பொறுப்பு?

இதைவிடப் பெரிய ஆபத்து ஏரியல். ஏரியல் கம்பியைச் சொருகும் சாக்கெட்டுக்கும் சேஸுக்கும் நடுவே காவலுக்கு ஒரு சின்னக் கண்டன்சர்தான். அது ஷார்ட் ஆனால் மொட்டைமாடியில் நீங்கள் கட்டிய செம்புக் கம்பி முழுக்கக் கரண்ட். எங்கள் மாடியில் ஏரியல் கம்பிக்கும் துணி காயப்போடும் கொடிக்கும் ஒரு முழம் இடைவெளி. அம்மா ஈரத் துணியோடு அங்கே போவார்கள். அந்தக் கண்டன்சரை மட்டும் ‘ஒய்’ வகைப் பாதுகாப்புக் கண்டன்சராக மாற்றிவிட்டேன். அப்படியும் மனசு ஒப்பவில்லை. அந்த செட்டுக்கு இப்போது அறைக்குள்ளேயே நாலு முழ வயர்தான் ஏரியல்.

செல்போன் விஷயமும் உண்டு. ஒரு காலத்தில் சிற்றலையில் இலங்கை வானொலி கேட்கத்தான் இந்தப் பெட்டிகளை வாங்கினார்கள், அதற்குத் தபாலாபீசில் லைசென்ஸ் கட்டணமும் கட்டினார்கள். இன்று வாங்குகிறவர்கள் முக்கால்வாசிப் பேர், பின்பக்கம் கிராமபோனுக்காக வைத்த பிக்கப் சாக்கெட்டில் போனைச் சொருகிப் பழைய பாட்டுப் போடத்தான் ஆசைப்படுகிறார்கள். டிரான்ஸ்ஃபார்மர் செட்டில் தாராளமாகச் செய்யலாம். ஏசி-டிசி செட்டில் போனின் உலோக விளிம்பே மெயின்ஸோடு சேர்ந்துவிட வாய்ப்பிருக்கிறது. வீட்டில் பிள்ளைகள் இருந்தால் இந்த ஒரு காரணம் போதும்.

டிரான்ஸ்ஃபார்மர் செட் சாதுப் பசு என்று சொல்ல வரவில்லை. அதற்குள்ளும் 250 வோல்ட் இருக்கிறது. அணைத்த பிறகும் ஃபில்டர் கண்டன்சரில் தங்கியிருக்கும். ஆனால் அது சேஸுக்கு அடியில், கை விட்டுத் தேடினால்தான் கடிக்கும். ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர் என்றொரு ஏமாற்றுப் பேர்வழியும் உண்டு: பார்க்க டிரான்ஸ்ஃபார்மர், ஆனால் சேஸ் மெயின்ஸில். கடைக்கு மல்டிமீட்டர் கொண்டுபோய், கரண்ட் இல்லாமல் செட் சுவிட்சை மட்டும் போட்டு, பிளக்கின் ஒவ்வொரு பின்னுக்கும் சேஸுக்கும் நடுவே ஓம்ஸ் பாருங்கள். எதிலாவது முள் சாய்ந்தால் அது மெயின்ஸைத் தொட்ட சேஸ்.

டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துபோயிருந்தால்? என் திருமங்கலத்து செட்டில் எரிந்துதான் இருந்தது. மதுரையில் மோட்டார் காயில் கட்டுகிற கடைகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் தலைமுடி மாதிரிக் கம்பியில் ஆயிரக்கணக்கான சுற்று என்றதும் இரண்டு கடைக்காரர்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள். மூன்றாமவர் 1,100 ரூபாய்க்கு ஒப்புக்கொண்டு பத்து நாளில் கொடுத்தார். பிரைமரியில் (மெயின்ஸ் ஏறும் சுருளில்) 250 வோல்ட்டுக்கு ஒரு டேப் (தனி இணைப்பு முனை) கேட்டு வாங்கிக்கொண்டேன். எங்கள் தெருவில் ராத்திரி 245 வரை ஏறுகிறது. வால்விலும் ஒரு லாபம்: இஎல் 84 கிடார் ஆம்ப்ளிஃபயர்களுக்காக இன்றும் புதிதாகத் தயாராகிறது. யுஎல் 84க்குப் பழைய இருப்பைத்தான் தேட வேண்டும்.

பேட்டரி வால்வு செட் பற்றியும் கேட்கிறார்கள். மின்சாரம் எட்டாத கிராமங்களுக்காக வந்தது, 1.4 வோல்ட் இழை, 90 வோல்ட் உயர் அழுத்தம். 9 வோல்ட் பேட்டரி பத்தை வரிசையாகச் சொருகினால் 90 வந்துவிடும். சிநேகிதர் ஒருவரின் செட்டை ஒரே ஒரு மாலை அப்படி ஓட்டிப் பார்த்தேன், பாடியது. மாதக்கணக்கில் வைத்துக்கொண்டால் எப்படி இருக்கும் என்பதை அதை வைத்திருப்பவரிடம்தான் கேட்க வேண்டும்.

காரைக்குடி செட்டை நான் தூக்கிப்போட்டுவிடவில்லை. அதைப் பழுது பார்க்க மேசையில் தனியாக, மெயின்ஸோடு நேர்த் தொடர்பை அறுக்கும் ஓர் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் தேவைப்பட்டது: 230 உள்ளே, 230 வெளியே, 100 விஏ (வோல்ட்-ஆம்பியர்) திறன். அதே காயில் கடைக்காரரிடம் கட்டினேன், 1,600 ஆனது. டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத செட்டை 1,400க்கு வாங்கிவிட்டு, அதைவிட விலை கூடிய டிரான்ஸ்ஃபார்மரை அதற்கு வாங்கியிருக்கிறேன். யாராவது பேக்லைட் செட்டை நல்ல விலைக்குக் கேட்டால் கொடுத்துவிடுவேன். டிரான்ஸ்ஃபார்மரைத் தரமாட்டேன், அது மேசைக்கு வேண்டும்.