டபிள்யூடி-40: கழுவியதும் உதறிய பழைய காருக்கு
பழைய கார்பரேட்டர் கார், இன்ஜின் மேலேயும் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவிவிட்டேன், அப்புறம் ஸ்டார்ட் ஆனதும் ஒரு சிலிண்டர் வேலை செய்யாதது போல உதறியது. ஒவ்வொரு பிளக்குக்கும் மின்சாரத்தைப் பிரித்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றினால் உள்ளே வியர்த்தது போலப் பொடிப்பொடியாய் நீர்த்துளிகள். அந்த ஈரத்தின் வழியாக மின்சாரம் கசிந்துதான் பிளக்கில் பொறி வரவில்லை. பேட்டரி வயரைக் கழற்றி, டபிள்யூடி-40 என்ற ஸ்ப்ரேயை உள்ளே லேசாக அடித்து, துணியால் நன்றாகத் துடைத்து, நெடி போகும்வரை காத்திருந்து மூடினேன். சாவியைத் திருப்பியதும் சீராக ஓடியது, அவ்வளவு நிம்மதி!

1953-ல் ஈரத்தை விரட்டவே உருவாக்கிய திரவம் இது, பெயரில் உள்ள 40 என்பது நாற்பதாவது முயற்சி. ஆனால் எளிதில் தீப்பிடிக்கும், சூடான இன்ஜினில் அடிக்கவே அடிக்காதீர்கள். பிளக் வயர் வெடித்திருந்தால் இதை நம்பாமல் வயரையே மாற்றிவிடுங்கள்.