ஒஹாயோ ஸ்டேட் ரசிகனாகப் பல சீசன்கள்: பெரிய தோல்விக்குப் பிறகும் தாங்குமா?

அமெரிக்கப் பல்கலைக்கழக அணிகள் ஆடும் காலேஜ் ஃபுட்பாலில் (நம்மூர் கால்பந்து அல்ல, பந்தைக் கையில் எடுத்து ஓடும் அமெரிக்கன் ஃபுட்பால்) ஒஹாயோ ஸ்டேட் பக்கைஸ் அணியைப் பல வருடங்களாக விடாமல் பார்த்து வருகிறேன். ஜெயிக்கும்போது ரசிகனாக இருப்பது சுலபம். தோற்ற மறுநாள் எப்படி இருக்கும் என்பதுதான் புதிதாக வருகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது. அதற்கு 2024 நவம்பர் 30-ஐ விடக் கடுமையான சோதனை எனக்கு வந்ததில்லை.

அன்று கொலம்பஸில், எங்கள் சொந்த மைதானத்தில், எங்கள் பரம எதிரியான மிச்சிகனிடம் 13-10 என்று தோற்றோம். தரவரிசையில் நாங்கள் இரண்டாம் இடம். மிச்சிகன் அதுவரை ஆடிய 11 ஆட்டங்களில் 5-ல் தோற்றிருந்தது. அவர்களுடைய முக்கிய வீரர்கள் வில் ஜான்சனும் கோல்ஸ்டன் லவ்லாண்டும் அன்று ஆடவே இல்லை. இடைவேளையில் 10-10. அதற்கப்புறம் எங்களுக்கு ஒரு புள்ளிகூட வரவில்லை. ஜெரமையா ஸ்மித், எமேகா எக்புகா போன்ற ரிசீவர்களை (எறியும் பந்தைப் பிடிப்பவர்களை) ஓரத்தில் வைத்துக்கொண்டு, மிச்சிகனின் மேசன் கிரஹாமும் கென்னத் கிராண்ட்டும் அடைத்துக்கொண்டு நின்ற நடுப்பகுதிக்குள்ளேயே திரும்பத் திரும்ப ஓடினோம். பந்தை எறியும் எங்கள் குவார்ட்டர்பேக் வில் ஹோவர்ட் இரண்டு இன்டர்செப்ஷன் கொடுத்தார், அதாவது அவர் எறிந்த பந்தை எதிரணி பிடித்துக்கொண்டது. எங்கள் கிக்கர் ஜேடன் ஃபீல்டிங் இரண்டு ஃபீல்டு கோல்களை (கம்பங்களுக்கு நடுவே உதைத்து 3 புள்ளி எடுப்பது) தவறவிட்டார். 45 விநாடி மிச்சமிருந்தபோது அவர்களுடைய கிக்கர் டொமினிக் ஸ்வாடா 21 யார்டிலிருந்து உதைத்துக் கதையை முடித்தார். மிச்சிகனிடம் தொடர்ந்து நான்காவது தோல்வி.

பெரிய தோல்வி வந்தால் அன்று இரவு யாருடைய அலசலையும் கேட்பதில்லை. மறுநாள் முழு ஆட்டத்தையும் மறுபடி பார்ப்பேன். வலிக்கத்தான் செய்யும், ஆனால் கோபத்தில் கண்ணுக்குத் தப்பியது அப்போதுதான் தெரியும். இந்த ஆட்டத்தில் தெரிந்தது எங்கள் டிஃபென்ஸின் (தடுப்பாட்டத்தின்) பலம். மிச்சிகனின் ஒரே டச் டவுன் (பந்தை கோல் லைனுக்கு அப்பால் கொண்டுபோவது), எங்கள் கோல் லைனுக்குப் பக்கத்தில் போய் முடிந்த ஒரு இன்டர்செப்ஷனால் வந்தது. இரண்டாம் பாதி முழுக்க அவர்களுக்குக் கிடைத்தது 3 புள்ளிதான். பயிற்சியாளர் ரயன் டேயைத் துரத்த வேண்டும் என்று ஊரே கத்தியது. ஃபீல்டிங்கை மோசமாகத் திட்டினார்கள். கல்லூரியில் படிக்கும் ஒரு பையனை அப்படிப் பேசுவதை என்னால் ஏற்கவே முடியாது. பிழை ஆட்டத்திட்டத்தில் இருந்தது. திட்டத்தை மாற்றலாம், இந்த டிஃபென்ஸோடு யாரையும் எதிர்க்கலாம் என்றுதான் எனக்குப் பட்டது.

மாற்றிக்காட்ட வாய்ப்புக் கிடைத்ததற்குக் காரணம், சீசன் முடிவில் சாம்பியனைத் தீர்மானிக்கும் ப்ளே-ஆஃப் ஆட்டங்களின் புதிய முறை. 2014 முதல் 2023 வரை நான்கு அணிகளுக்கு மட்டுமே இடம். அந்தக் காலத்தில் இரண்டு தோல்வி கண்ட எந்த அணியும் உள்ளே போகவில்லை. எங்களுக்கோ அக்டோபரிலேயே ஒரிகனிடம் 32-31 என்று ஒரு தோல்வி இருந்தது. பழைய முறையில் சீசன் அங்கேயே முடிந்திருக்கும். 2024-ல் 12 அணிகள் என்று ஆனதால் எட்டாவதாக நுழைந்தோம். வழக்கமான சீசனின் மதிப்பு இதனால் குறைகிறது என்று பழைய ரசிகர்கள் வருந்துகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மிச்சிகன் ஆட்டம் கொஞ்சமும் குறைவாக வலிக்கவில்லை.

முதல் சுற்று டென்னசியோடு, டிசம்பரில், எங்கள் மைதானத்தில். நம் ஆட்களில் நிறையப் பேர் மனம் வெறுத்து டிக்கெட்டை விற்றிருந்தார்கள். ஸ்டாண்டுகளில் எங்கே பார்த்தாலும் டென்னசியின் ஆரஞ்சு நிறம். அது எனக்கு இன்றும் ஆறவில்லை. ஆட்டமோ 42-17. இந்த முறை பந்து ஸ்மித்தைத் தேடிப் போனது. அப்புறம் ரோஸ் பௌல் எனப்படும் காலிறுதியில் அதே ஒரிகனை 41-21 என்று வென்றோம். டெக்சஸோடு அரையிறுதியில், அவர்கள் எங்கள் கோல் லைன் வாசலில் நிற்கையில் எங்கள் ஜாக் சாயர் பந்தைத் தட்டிவிட்டு, தானே எடுத்து 83 யார்டு ஓடினார். 2025 ஜனவரி 20, அட்லான்டாவில் நோட்ரே டேமுக்கு எதிரான இறுதி ஆட்டம், 34-23. வெறும் 26 விநாடி இருக்கும்போது கடைசிப் புள்ளிகளை உதைத்தது யார் தெரியுமா? அதே ஃபீல்டிங்.

கோப்பை வந்ததால் 13-10 மறந்துவிட்டதா என்று கேட்பார்கள். இல்லை. மிச்சிகனை வென்ற அணியின் வீரர்களுக்குத் தங்கத்தில் ஒரு குட்டி கால்சட்டைப் பதக்கம் தருவது 1934 முதல் எங்கள் வழக்கம். சாயர், எக்புகா, டுய்மொலோவாவ், ஹெண்டர்சன் எல்லோரும் 2021-ல் சேர்ந்தவர்கள். மிச்சிகனை ஒருமுறையாவது வெல்ல வேண்டும் என்பதும் அவர்கள் என்எஃப்எல் என்ற தொழில்முறை லீகுக்குப் போகாமல் கடைசி வருடத்துக்குத் திரும்பி வந்ததற்கு ஒரு காரணம். சாம்பியன் மோதிரம் கிடைத்தது, அந்தப் பதக்கம் கடைசிவரை கிடைக்கவில்லை. 2025 நவம்பரில் மிச்சிகனின் ஊரான ஆன் ஆர்பரில் 27-9 என்று அவர்களை ஜெயித்தபோது எங்கள் அந்த நால்வரில் யாரும் அணியில் இல்லை. அந்த வெற்றியில் எனக்கு முதலில் வந்த நினைப்பும் அவர்களைப் பற்றியதுதான்.

புதிதாக ஓர் அணியைப் பிடிக்க நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன்: தோற்ற கோபத்தில் டிசம்பர் டிக்கெட்டை மட்டும் விற்றுவிடாதீர்கள்.