டிராஃப்டா, ஃப்ரீ ஏஜென்சியா? என்எஃப்எல் அணி எதை நம்பி வளர வேண்டும்

2011 ஜூலை இறுதி. அமெரிக்கக் கால்பந்து லீகான என்எஃப்எல்லில் உரிமையாளர்களுக்கும் வீரர்களுக்கும் நடந்த நீண்ட கதவடைப்பு அப்போதுதான் முடிந்திருந்தது. ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் பணப்பையோடு சந்தையில் இறங்கியது. அப்போதைய மிகச் சிறந்த கார்னர்பேக்குகளில் (எதிரணி பந்து பிடிப்பதைத் தடுப்பவர்கள்) ஒருவரான நம்டி அசொமுகாவுக்கு 5 ஆண்டு, 6 கோடி டாலர் ஒப்பந்தம். கூடவே ஜேசன் பேபின், கல்லன் ஜென்கின்ஸ், மாற்று குவார்ட்டர்பேக்காக (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்) வின்ஸ் யங். ‘கனவு அணி’ என்று யங்கே சொல்லிவிட்டார். அந்தப் பருவத்தில் ஈகிள்ஸ் 8 வெற்றி, 8 தோல்வி. அடுத்த ஆண்டு 4 வெற்றி, 12 தோல்வி. பயிற்சியாளர் ஆண்டி ரீட் வேலை இழந்தார். அசொமுகா இரண்டே பருவங்களில் விடுவிக்கப்பட்டார்.

2011 ஏப்ரலில் அதே ஈகிள்ஸ், கல்லூரி வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டின் ஆறாவது சுற்றில், 191ஆவது ஆளாக, ஜேசன் கெல்சி என்ற சென்டரை (குவார்ட்டர்பேக்குக்குப் பந்தைக் கொடுப்பவர்) எடுத்திருந்தது. யாரும் பெரிதாகப் பேசவில்லை. அவர் 13 பருவங்கள் அங்கேயே ஆடினார், லீகின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுல் வென்றார், அந்த ஊரின் முகமாகவே ஆகிப்போனார்.

இந்த ஒரு உதாரணத்தை வைத்து ‘டிராஃப்ட்தான் சரி’ என்று முடித்துவிட முடியாது. ஆனால் அமெரிக்கக் கால்பந்தில் அணி கட்டும் இரண்டு வழிகளும் எப்படி இயங்குகின்றன என்பதை இது நன்றாகவே காட்டுகிறது.

புதிதாகப் பார்ப்பவர்களுக்குச் சுருக்கமாக: டிராஃப்டில் ஐபிஎல் போல ஏலம் கிடையாது. கல்லூரியிலிருந்து வரும் வீரர்களை 32 அணிகளும் ஏழு சுற்றுகளில் வரிசைப்படி தேர்ந்தெடுக்கும். கடந்த பருவத்தில் மோசமாகத் தோற்ற அணிக்கு முதல் வாய்ப்பு, சூப்பர் பவுல் வென்ற அணிக்குக் கடைசி. எடுக்கப்பட்டவருக்கு நான்கு ஆண்டு ஒப்பந்தம். அது முடிந்து, வீரர் எந்த அணிக்கும் போகலாம் என்ற நிலைக்கு வருவதுதான் ஃப்ரீ ஏஜென்சி. இரண்டுக்கும் மேலே சம்பள உச்சவரம்பு உட்கார்ந்திருக்கிறது. 2025இல் அது ஓர் அணிக்கு 27.92 கோடி டாலர். உரிமையாளர் எவ்வளவு பெரிய பணக்காரராக இருந்தாலும் இந்தக் கணக்குக்குள்தான் அடங்க வேண்டும்.

ஒப்பீட்டின் திருப்புமுனை, கதவடைப்பை முடித்துவைத்த, உரிமையாளர்களுக்கும் வீரர்களுக்கும் இடையிலான 2011 ஒப்பந்தம்தான். 2010இல் முதல் தேர்வான சாம் பிராட்ஃபோர்டுக்கு, ஒரு ஆட்டம்கூட ஆடுவதற்கு முன்பே, 6 ஆண்டுக்கு 7.8 கோடி டாலர் ஒப்பந்தம். அதில் 5 கோடி உத்தரவாதம். புதிய விதிகள் வந்தபின், 2011இன் முதல் தேர்வான கேம் நியூட்டனுக்கு 4 ஆண்டுக்கு 2.2 கோடிதான். அதுவரை உயர்ந்த இடத்தில் டிராஃப்ட் செய்வது செலவு பிடித்த சூதாட்டம். அதன்பின் நல்ல புதுமுகம் என்றால் அது விளையாட்டிலேயே மலிவான சரக்கு. அதோடு, மூன்று பருவங்கள் முடியும்வரை அவர் ஒப்பந்தத்தைத் திருத்திக் கேட்கவும் முடியாது.

இதை முதலில் முழுசாகப் பயன்படுத்திக்கொண்டது சியாட்டில் சீஹாக்ஸ் என்பேன். 2010இல் எர்ல் தாமஸ் முதல் சுற்றில், கேம் சான்ஸலர் ஐந்தாம் சுற்றில். 2011இல் ரிச்சர்ட் ஷெர்மன் ஐந்தாம் சுற்றில். 2012இல் பாபி வாக்னர் இரண்டாம் சுற்றில், குவார்ட்டர்பேக் ரஸ்ஸல் வில்சன் மூன்றாம் சுற்றில், 75ஆவது ஆளாக. 2013 பருவத்தில் வில்சனின் அடிப்படைச் சம்பளம் சுமார் 5 லட்சத்து 26 ஆயிரம் டாலர். எதிரே டென்வர் பிராங்கோஸின் பெய்டன் மானிங்குக்கோ 5 ஆண்டுக்கு 9.6 கோடி ஒப்பந்தம். இறுதிப் போட்டியில் சியாட்டில் 43–8 என்று நொறுக்கியது.

ஆனால் ஒன்றைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். அந்த சியாட்டில் அணி ஃப்ரீ ஏஜென்சியை ஒதுக்கவில்லை. வில்சன் மலிவாக இருந்ததால் மிஞ்சிய பணத்தில்தான் 2013இல் மைக்கேல் பென்னட்டையும் கிளிஃப் எவ்ரிலையும் வாங்கினார்கள். முதுகெலும்பு டிராஃப்டிலிருந்து, கூர்மை சந்தையிலிருந்து. வரிசை அப்படித்தான் இருக்க வேண்டும். ஈகிள்ஸ் 2011இல் அதைத் தலைகீழாகச் செய்தது.

சரி, சந்தையில் வாங்குவது ஏன் இவ்வளவு அடிக்கடி ஏமாற்றுகிறது? என் பதில்: விற்பனைக்கு வருபவரை நன்றாக அறிந்தவர்கள் அவரை வைத்திருந்த பழைய அணிக்காரர்கள். முழங்கால் எப்படி இருக்கிறது, பயிற்சிக்கு எப்படி வருகிறார், பணம் வந்தபின் எப்படி மாறுவார் என்று அவர்களுக்குத்தான் தெரியும். அவர்களே போகவிட்டால், பெரும்பாலும் ஒரு காரணம் இருக்கும். பணத்தட்டுப்பாடு ஒரு காரணமாக இருக்கலாம். எப்போதும் அதுவே அல்ல. வாங்கும் அணியோ, மற்ற எல்லாரையும்விட அதிகம் கொடுக்கத் துணிந்த அணி. கொடுப்பதும் கடந்தகால ஆட்டத்துக்கு. கிடைப்பது வயது கூடிய உடம்பு. அசொமுகாவுக்கு அப்போதே முப்பது.

2009இல் வாஷிங்டன், ஆல்பர்ட் ஹேன்ஸ்வொர்த்துக்கு 7 ஆண்டு, 10 கோடி டாலர் என்று எழுதிக்கொடுத்தது. உத்தரவாதம் மட்டும் 4.1 கோடி. அந்தப் பருவத்தில் அணி 12 ஆட்டங்களில் தோற்றது. இரண்டு பருவங்களில், டிராஃப்டின் ஓர் ஐந்தாம் சுற்றுத் தேர்வை மட்டும் வாங்கிக்கொண்டு அவரை வேறு அணிக்குத் தள்ளிவிட்டார்கள். போனதோடு போகாது என்பதுதான் கொடுமை. முன்பணமாகக் கொடுத்த போனஸ் உச்சவரம்புக் கணக்கில் சில ஆண்டுகளுக்குப் பிரித்து எழுதப்படும். ஆளை அனுப்பினால் மிச்சம் மொத்தமாகத் தலையில் விழும். டெட் மணி என்பது அதுதான்: ஆள் இல்லை, செலவு மட்டும் உண்டு.

அதற்காக டிராஃப்ட் பக்கம் ஏதோ ஞானிகள் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று நினைக்க வேண்டாம். கிளீவ்லேண்ட் பிரவுன்ஸ் 2012இல் முதல் சுற்றில் டிரென்ட் ரிச்சர்ட்சனையும் பிராண்டன் வீடனையும் எடுத்தது. 2014இல் ஜானி மான்சியெல். இத்தனை முதல் சுற்றுத் தேர்வுகளுக்குப் பிறகும் 2017இல் 16 ஆட்டங்களிலும் தோல்வி. இன்னும் தெளிவான உதாரணம் சான் ஃபிரான்சிஸ்கோ. மூன்று முதல் சுற்றுத் தேர்வுகளையும் ஒரு மூன்றாம் சுற்றுத் தேர்வையும் வேறு அணிக்குக் கொடுத்து, 2021இல் தேர்வு வரிசையில் முன்னேறிப் போய் குவார்ட்டர்பேக் டிரே லான்ஸை எடுத்தார்கள். அவர் அங்கே தொடக்க வீரராக ஆடியது 4 ஆட்டங்கள். அடுத்த ஆண்டு டிராஃப்டின் கடைசி ஆளாக, 262ஆவது இடத்தில் எடுத்த பிராக் பர்டி அணியை சூப்பர் பவுலுக்குக் கொண்டுபோனார்.

லான்ஸை எடுத்ததும் பர்டியை எடுத்ததும் ஒரே நிர்வாகம். ஆகவே நல்ல டிராஃப்ட் என்பது கூர்ந்த பார்வை மட்டுமல்ல, எண்ணிக்கையும்கூட. ஒருவர்மீது எல்லாவற்றையும் கொட்டுவதைவிட, நிறைய முறை கை வைப்பதே மேல். பால்டிமோர் ரேவன்ஸ் இதில் கெட்டிக்காரர்கள். வாங்கியதைவிடப் பெரிய ஃப்ரீ ஏஜென்ட்களை இழக்கும் அணிக்கு லீக் ஈட்டுத் தேர்வுகள் தரும். ரேவன்ஸ் ஆட்களைப் போகவிட்டு அந்தத் தேர்வுகளைச் சேர்ப்பதை ஒரு கொள்கையாகவே வைத்திருக்கிறார்கள். டாம் பிரேடியை 2000இல் 199ஆவதாக நியூ இங்கிலாந்து எடுத்ததும் அப்படி வந்த ஓர் ஈட்டுத் தேர்வில்தான்.

சந்தை கைகொடுத்த தருணங்களும் உண்டு, மறுப்பதற்கில்லை. 1993இல் ரெஜி வைட் கிரீன் பே வந்தார், 1997 ஜனவரியில் சூப்பர் பவுல். 2006இல் டுரூ பிரீஸ். தோள் காயத்தால் மியாமி தயங்கியபோது நியூ ஆர்லியன்ஸ் துணிந்தது. அந்த அணியின் வரலாறே மாறியது. 2020இல் பிரேடி டாம்பா பே போய் முதல் பருவத்திலேயே வென்றார். ஆனால் அவர் போய்ச் சேர்ந்த வீட்டைப் பாருங்கள்: மைக் எவன்ஸ், கிறிஸ் காட்வின், லவான்டே டேவிட், டெவின் வைட், டிரிஸ்டன் வர்ஃப்ஸ், எல்லாரும் டாம்பா டிராஃப்ட் செய்தவர்கள்.

ஒரு விஷயம் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. டிராஃப்ட் வழி அணிக்கு லாபம் என்றால், அந்த லாபம் வீரரின் மடியிலிருந்து வருகிறது. 2023இல் பர்டியின் சம்பளம் சுமார் 8.7 லட்சம் டாலர். 2025இல் அவர் எழுதிய ஒப்பந்தம் ஆண்டுக்குச் சராசரி 5.3 கோடி. அவராவது பிழைத்தார். பந்தைச் சுமந்து ஓடி ஒவ்வொரு ஆட்டத்திலும் அடி வாங்கும் ரன்னிங் பேக்குகளில் பலருக்கு அந்த மலிவான நான்கு ஆண்டுகளோடு உடம்பே முடிந்துவிடும். விதியை மாற்றினால் இவர்களுக்குத்தான் முதலில் மாற்ற வேண்டும். சேக்வான் பார்க்லி ஆறு பருவங்கள் ஜயன்ட்ஸில் ஆடிவிட்டு, 2024இல்தான் 3 ஆண்டுக்கு 3.775 கோடிக்கு ஈகிள்ஸ் வந்து 2,005 கெஜம் ஓடினார், கோப்பையும் வென்றார்.

இரண்டு வழிகளின் விலையையும் ஒரே அணி கட்டிய கதை வேண்டுமானால், டென்வர். சியாட்டிலின் அதே வில்சனை 2022இல் டிரேடில் (அணிகளுக்கிடையே நேரடிப் பரிமாற்றம்) வாங்கி, 24 கோடிக்கு மேல் ஒப்பந்தம் எழுதி, இரண்டே பருவங்களில் அனுப்பினார்கள். அது ஃப்ரீ ஏஜென்சி அல்லதான். ஆனால் நோய் அதே நோய். டெட் மணி சுமார் 8.5 கோடி. அந்தச் சுமையோடு 2024 டிராஃப்டில் 12ஆவதாக போ நிக்ஸை எடுத்தார்கள். புதுமுகச் சம்பளத்தில் அவர் அந்தப் பருவமே பிளேஆஃபுக்கு அழைத்துப் போனார். அப்புறம்தான், 2025 மார்ச்சில், சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்து டலனோவா ஹுஃபாங்காவையும் டிரே கிரீன்லாவையும் சந்தையில் வாங்கினார்கள். குவார்ட்டர்பேக் மலிவாக இருக்கும்போது மற்ற இடங்களில் செலவழிப்பது: இந்த வரிசைக்குத்தான் என் ஓட்டு. நிக்ஸ் புதிய ஒப்பந்தம் பேசத் தகுதி பெறுவது 2026 பருவம் முடிந்த பிறகு.