மாங்குளம் வீதியோர அப்பக் கடை

ஏ-9 வீதியில் மாங்குளம் சந்திக்குச் சற்று வடக்கே, ஓர் அம்மா கிடுகுக் கொட்டிலில் நடத்தும் அப்பக் கடையில் மூன்று ஆண்டுகளாகக் காலையுணவு உண்டு வருகிறேன். ஓரம் முறுகி நடுப்பகுதி பஞ்சுபோல் இருக்கும் பாலப்பமும், செத்தல் மிளகாயை உரலில் இடித்துச் செய்யும் தேங்காய்ச் சம்பலும் இவ்வழியில் வேறெங்கும் எனக்கு இவ்வளவு சுவையாகக் கிடைத்ததில்லை. பாலைப்பழக் காலத்தில் பழமும் விற்பார்.

கடந்த மாதம் பிரமுகர் ஒருவர் இவ்வீதியால் செல்லவிருந்ததால், பல மாதங்களாக யாரும் தொடாத பற்றைகள் இரண்டே நாளில் வெட்டப்பட்டன. குப்பையோடு குப்பையாக இக்கொட்டிலையும் கழற்றுமாறு பொலிஸார் பணித்தனர். 2013 நவம்பரில் பொதுநலவாய மாநாட்டுக்காகக் கொழும்பு வீதிகளிலிருந்து யாசகர்கள் அகற்றப்பட்டதாக வந்த செய்திகளே எனக்கு நினைவுக்கு வந்தன. வாகனத் தொடரணி கடந்து செல்லச் சில நிமிடங்களே பிடித்தன, ஆனால் அந்த அம்மா நான்கு நாள் வருமானத்தை இழந்தார். நாள்தோறும் தம் கடை வாசலைத் தாமே கூட்டித் தண்ணீர் தெளிப்பவரை அழுக்கென்று கருதியது பெரும் அநீதி.

இப்போது கடை அதே இடத்தில் மீண்டும் இயங்குகிறது. கிடுகு புதியது, சுவை பழையதே. எட்டு மணிக்கு முன் சென்றால் சூடாக உண்ணலாம்.